வகைதொகையின்றி

கேள்வி: எங்கள் ஊர்க் கூட்டத் தீர்மானத்தில், 'விசைப்படகுகள் பாகுபாடின்றி மீன்களை வாரிச் செல்கின்றன' என்று எழுதியிருந்தேன். நண்பர் ஒருவர் அதை 'வகைதொகையின்றி' என்று மாற்றிவிட்டார். இரண்டும் ஒரே பொருள்தானே? 'கண்மூடித்தனமாக' என்றும் எழுதலாமா?
– வாசகர் ஒருவர், தொண்டி.

பதில்: நண்பரின் திருத்தமே பொருத்தமானது. 'பாகுபாடு' என்பதற்கும் பிரிவு என்றே பொருள் என்றாலும், இன்றைய வழக்கில் 'பாகுபாடின்றி' என்பது பெரும்பாலும் பாராட்டாகிவிட்டது. ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழாவுக்கு மக்கள் சமயப் பாகுபாடின்றி வருகிறார்கள் என்று எழுதுகிறோம். அவ்விடத்தில் 'வகைதொகையின்றி' என்று போட்டால், கட்டுக்கடங்காத கூட்டம் என்று குறை சொன்னதாகிவிடும்.

வகை என்பது இனம் பிரிப்பது. தொகை என்பது பிரித்ததைக் கூட்டி அளவு காண்பது. மண்டபத்திலோ பாம்பனிலோ படகு கரைசேர்ந்ததும் நடப்பதைப் பாருங்கள். கொட்டிய குவியலிலிருந்து இறால், நண்டு, கணவாய், காரல் என்று தனித்தனியே பொறுக்கிக் கூடைகளில் இடுகிறார்கள்; எதிலும் சேராத பொடி மீன் 'சங்காயம்' என்று ஒதுங்கித் தீவன ஆலைக்குப் போகிறது; பிறகுதான் தராசு வருகிறது. மீன் வரும் வழியில் சுவர்போல் விரிக்கும் வழிவலையில், வலைக்கண்ணின் அளவுக்கேற்ற மீனே பெரும்பாலும் சிக்கும். விசைப்படகு இழுத்துச் செல்லும் பைபோன்ற வலையான இழுவை மடியோ குஞ்சு, சினைமீன் என்று பாராமல் எல்லாவற்றையும் அள்ளுவதால், கடலுக்குள்ளேயே நடந்திருக்க வேண்டிய வகைபிரிப்பு, மீன் செத்தபின் கரையில் நடக்கிறது. இனமும் பாராமல் அளவும் பாராமல் எடுப்பது என்ற இரண்டு குறைகளையும் ஒருங்கே சொல்வதனால்தான் 'வகைதொகையின்றி' இங்கே வலுவாக நிற்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளை நிறுத்திவைப்பதும் மீன்கள் இனம்பெருக்கித் தொகை கூடுவதற்கே.

'கண்மூடித்தனமாக' என்ற சொல் செய்பவரின் யோசனையின்மையைக் குறிப்பது. கண்மூடித்தனமாகச் சுட்டார்கள், கண்மூடித்தனமாக நம்பினார் என்பன சரி. விசைப்படகுக்காரரோ கண்ணை நன்றாகத் திறந்துவைத்துக்கொண்டுதான் மடி இழுக்கிறார்; அவரிடம் அந்தச் சொல் எடுபடாது.

தீர்மானத்தில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. விசைப்படகுகள் அனைத்தையும் ஒரே வாக்கியத்தில் சாடுவதைவிட, இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும், தடைசெய்யப்பட்ட இரட்டைமடி வலையைப் பெயர் சொல்லிக் குறிப்பது அதிகாரிகளிடம் பயன்படும்: 'தடையை மீறி இரட்டைமடி இழுக்கும் படகுகள் வகைதொகையின்றி மீன்களை வாரிச் செல்கின்றன.' சொல்லை இடைவெளியின்றிச் சேர்த்தே எழுதுங்கள். பேச்சில் வழங்கும் 'வகதொக இல்லாம' என்பதும் இதுவே.