குடித்த தண்ணீர் குரல் நாணைத் தொடாது

கேள்வி: வயது 38. மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேஷம் கட்டுகிறேன். திருவிழா சீசனில் வாரத்துக்கு நான்கைந்து நாடகம். இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும்வரை பாட்டும் தர்க்கமும்தான். இரண்டு மணிக்கு மேல் குரல் கம்மிவிடுகிறது. இடையிடையே தண்ணீர் குடித்தும் பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் குடிக்கும் தண்ணீர், மூச்சுக்குழாயின் வாசலில் இருக்கும் குரல் நாண்களைத் தொடுவதே இல்லை. தொட்டால் புரையேறிவிடும். வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, அப்புறம்தான் நாண்களைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வுக்கு ஈரம் சேரும். அதற்கு நேரம் பிடிக்கும். பெண் குரலில் இந்த நாண்கள் நொடிக்குச் சுமார் 200 தடவை மோதிப் பிரிகின்றன. ஈரம் குறைந்தால் அதே சுதிக்கு அதிக மூச்சைக் கொடுத்துத் தள்ள வேண்டும். இரண்டு மணிக்குக் கம்முவதில் அந்தக் களைப்புக்கும் பங்குண்டு.

ஆகவே மேடையில் குடிப்பதைவிட மதியம் குடிப்பதுதான் முக்கியம். இன்னொன்றும் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். போகிற ஊரில் கழிப்பறை இருக்குமோ இருக்காதோ என்று மத்தியானத்திலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகிறீர்களா? பெண் கலைஞர்கள் இதைத் தயங்கித்தான் சொல்வார்கள். காலையிலிருந்து மாலை ஐந்து மணிக்குள் பெரும்பகுதியைக் குடித்துவிடுங்கள். வேன் ஏறுமுன் ஒருமுறை கழிப்பறைக்குப் போய்விட்டு, பிறகு மடக்கு மடக்காகக் குடித்தால் போதும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா என்று பாருங்கள். சித்திரை வெயிலில் லிட்டர் கணக்கைவிட அதுவே நல்ல அளவுகோல். (சிறுநீரக, இதயக் கோளாறு இருந்தால் உங்கள் மருத்துவர் சொன்ன அளவுதான்.) நாடகத்துக்கு ஒப்பந்தம் பேசும்போதே ஊர்க்காரர்களிடம் கழிப்பறை வசதியையும் பேசச் சொல்லுங்கள். இதுவும் வைத்தியம்தான்.

ஒப்பனைக்கு முன் ஐந்து நிமிடம் ஆவி பிடிக்கலாம், வெறும் வெந்நீரில். தைலம் வேண்டாம், அந்தக் குளிர்ச்சியில் குரல் திறந்த மாதிரி தோன்றும், அவ்வளவுதான். பனங்கற்கண்டு எச்சில் ஊறவைக்கும், இதமாக இருக்கும். நாண்களைக் குணப்படுத்தாது.

வசனத்துக்கு முன் தொண்டையைக் கனைக்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள். ஒவ்வொரு கனைப்பிலும் இரண்டு நாண்களும் அறைந்துகொள்கின்றன. ஒரு மடக்கு நீரை விழுங்குங்கள். விடியலில் வீடு திரும்பி வயிறுமுட்டச் சாப்பிட்டு உடனே படுத்தால் அமிலம் மேலேறித் தொண்டையை எரிக்கும்.

கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது. நாண்களில் முடிச்சு விழுந்திருக்கிறதா என்று கேமரா வைத்துப் பார்ப்பார்கள். பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் பட்டென்று அறுந்துபோனால் மட்டும் காத்திருக்க வேண்டாம். நாண்களில் ரத்தம் கசிந்திருக்கலாம். அந்த நிமிடமே பாட்டை நிறுத்துங்கள், கிசுகிசுப்பாகக்கூடப் பேசாமல் மறுநாளே மருத்துவரிடம் வந்துவிடுங்கள்.