வாகனக் கேள்வி–பதில்: மாரிக்கு முன் வைப்பர் மோட்டர்

கேள்வி: என்னிடம் இருப்பது 1988ஆம் ஆண்டு ஜப்பான் கார். வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிடுகிறது. சுவிட்சைப் போட்டால் உறுமல் மட்டும் கேட்கிறது. மோட்டர் மாற்ற வேண்டும் என்கிறார்கள். வீட்டிலேயே செய்யலாமா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் மோட்டருக்குக் காசு கொடுக்க முன், அது உண்மையிலேயே பழுதா என்று பாருங்கள். உறுமுகிறது என்றால் மின்சாரம் மோட்டர்வரை வருகிறது, பியூஸ் போகவில்லை. சுவிட்சை அப்படியே போட்டு வைக்காதீர்கள், உள்ளே சுருள் கருகிவிடும்.

அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் மோட்டர், பொனட்டுக்குள் பின்சுவரில் பூட்டியிருக்கும். பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றி, மோட்டரின் பிளக்கையும் கழற்றுங்கள். பிடித்திருக்கும் 10 மில்லிமீற்றர் போல்ட்டுகளை (மூன்று அல்லது நான்கு) எடுத்து மோட்டரை முன்னுக்கு இழுத்தால், அதன் குறுங்கையும் (மோட்டர் சுழற்றும் சிறு கை) அதில் கொழுவிய, வைப்பர்களை அசைக்கும் இணைப்புக் கம்பியும் தெரியும். இரண்டும் சேரும் பந்து மூட்டினை ஸ்குறூ றைவரால் நெம்பினால் கழன்றுவிடும்.

இப்போது வைப்பர் கைகளை மெல்ல அசைத்துப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் குற்றவாளி மோட்டர் அல்ல, கைகள் சுழலும் அச்சுகள். எங்கள் செம்மண் புழுதி அங்கே கிறீஸோடு கலந்து, மழைத் தண்ணீரும் பட்டால் கறள் பிடித்து இறுகிவிடும். அச்சைக் கழற்றித் துடைத்துப் புதுக் கிறீஸ் பூசினால் பழைய மோட்டரே ஓடும். புழுதி வீதியில் ஓடும் கார்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

கை லேசாக அசைந்தால் மோட்டர்தான். பழைய சாமான் கடையில் வாங்கும்போது பிளக்கின் ஊசி எண்ணிக்கை, போல்ட் துளைகள், குறுங்கையின் நீளம் மூன்றையும் பழையதோடு ஒப்பிடுங்கள். குறுங்கையை மாற்றிப் பூட்ட நேர்ந்தால், அது நிற்கும் கோணத்தை முதலில் மோட்டர் உடலில் கீறி அடையாளமிடுங்கள். குறுங்கையின் நட்டைத் திருப்பும்போது குறுங்கையை இன்னொரு ஸ்பனரால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையேல் அந்த விசை உள்ளிருக்கும் நைலோன் பற்சில்லில் இறங்கிப் பல்லை உடைக்கும்.

பலர் தவறுவது அடுத்த படியில். பூட்ட முன், புது மோட்டரை பிளக்கில் கொழுவி, மோட்டர் உடலுக்கும் பற்றரி நெகற்றிவுக்கும் ஒரு வயர் கொடுத்து, நெகற்றிவ் வயரையும் திரும்பப் போட்டு ஓடவிடுங்கள். கையை எட்ட வைத்துக்கொள்ளுங்கள், குறுங்கை விரலை நசுக்கும். சுவிட்சை நிறுத்தினால் மோட்டர் தன் ஓய்வு நிலைக்கு வந்து நிற்கும். அந்த நிலையிலேயே கம்பியைக் கொழுவுங்கள். எங்கோ நின்ற மோட்டரில் கொழுவினால் வைப்பர் நடுக்கண்ணாடியில் ஓய்வெடுக்கும், அல்லது கண்ணாடி ஓரத்தில் மோதும்.

போல்ட் உட்காரும் இடத்தில் கறளைச் சுரண்டி வெறும் உலோகம் தெரிய வையுங்கள். மோட்டரின் எர்த் (மின்சாரம் கார் உடல்வழி பற்றரிக்குத் திரும்பும் இணைப்பு) அங்கேதான் பல கார்களில். அது சரியில்லாவிட்டால் புது மோட்டரும் சோம்பலாகத்தான் ஓடும். கண்ணாடிக்குக் கீழுள்ள தட்டில் வேப்பிலை அடைத்து வடிகாலை மூடியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். தேங்கும் தண்ணீர் மோட்டருக்குள் இறங்கும்.

கேள்வி: என் வைப்பரில் வேகமான ஓட்டம் சரி, மெதுவானது மட்டும் இல்லை. ஏன்?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: இவ்வகை மோட்டரில் வழமையாக மூன்று கரி பிரஷ் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) இருக்கும்: பொதுவானது ஒன்று, ஒவ்வொரு வேகத்துக்கும் ஒவ்வொன்று. மெது வேகத்துக்குரியது தேய்ந்திருக்கலாம். முதலில் சுவிட்சை மெது நிலையில் வைத்து, பிளக்கின் மெது வேக வயரில் 12 வோல்ட் சோதனை பல்ப்பைத் தொட்டுப் பாருங்கள். எரிந்தால் பிரஷ், எரியாவிட்டால் சுவிட்ச் அல்லது வயர்.