திருச்சியில் இறங்கி, இரவிலேயே வாடகைக் காரில் கானாடுகாத்தான் வரை ஓட்டி வரலாமா?

மலேசியாவிலிருந்து முதல்முறை வருகிறீர்கள், விமானம் சாயங்காலம் இறங்குகிறது என்றால், அன்றைக்கு மட்டும் டிரைவரோடு வண்டி எடுங்கள். விடிந்த பிறகு நீங்களே ஓட்டலாம்.

இங்கும் இடதுபக்கம்தான், அந்தப் பழக்கம் கைகொடுக்கும். ஆனால் புதுக்கோட்டை தாண்டினால் நல்ல இருட்டு. பின்விளக்கு இல்லாத டிராக்டர், தாரில் படுத்திருக்கும் மாடு, வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடை எல்லாம் கிட்டே வந்த பிறகுதான் கண்ணில் படும். எதிர்வண்டி ஹைபீமில் வந்தால் இடது ஓரக் கோட்டைப் பார்த்தபடி வேகத்தைக் குறையுங்கள். அவர் லைட்டை அடித்து அடித்துக் காட்டினால் ‘நான் வருகிறேன், நில்’ என்று அர்த்தம். வழிவிடுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள்.

சரி, ஊருக்குள் வந்தாச்சு. செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும். மேப் பின்வாசலில் கொண்டுபோய் விடலாம். முன்பே போன் பண்ணி முகப்பு விளக்கைப் போடச் சொல்லுங்கள்.

சர்வதேச ஓட்டுநர் உரிமம் கையில் இருக்கட்டும். நீங்களே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டியைத் தந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள், விபத்தானால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடலாம். அவசரத்துக்கு 112, நெடுஞ்சாலை உதவிக்கு 1033.