தூக்குச்சட்டியின் விலாசம்

அன்புள்ள ஆச்சி,

சென்ற மாதம் ஜோத்பூரில் மெஹ்ரான்கர் கோட்டையைக் குடும்பத்துடன் பார்த்தோம். ஷாஜஹான் அளித்த வெள்ளி அம்பாரியும் பல்லக்குகளும் இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன. இரும்பு வாயிலில் இருக்கும் கைத்தடங்களின் மேல் மகள் தன் கையை வைத்துப் படம் எடுத்துக்கொண்டாள். முத்து மகாலின் சுவர்ப்பூச்சும் நம் செட்டிநாட்டுப் பூச்சும் ஒன்றுதானா? நம் வீடுகளை இப்படி அருங்காட்சியகமாக்க அரசு ஏன் முன்வரவில்லை? அந்த ஆசையில், ஊர் திரும்பியதும் காரைக்குடிப் பழம்பொருள் கடையில் ஒரு பித்தளைத் தூக்குச்சட்டி வாங்கி வரவேற்பறையில் வைத்திருக்கிறேன்.

க., தேவகோட்டை

அன்புள்ள தம்பி,

பூச்சைப் பற்றி நல்ல கொத்தனாரிடம் கேளுங்கள். அரசைப் பற்றிய கேள்வியே பிழை. அந்த அருங்காட்சியகத்தை அமைத்தது அரசன்று. 1971இல் மன்னர் மானியம் ஒழிந்த மறு ஆண்டே, ஜோத்பூர் மகாராஜா கஜ் சிங் அறக்கட்டளை நிறுவிக் கோட்டையை அதன் பொறுப்பில் விட்டார். அங்கே ஒருவர் கையெழுத்துப் போதும். பலருக்கும் பங்குள்ள நம் வளவு வீட்டில் ஒரு தூணைப் பழுதுபார்க்கவே பங்காளிகள் அத்தனை பேரும் கூட வேண்டும்.

அந்தக் கைத்தடங்கள் 1843இல் ஜோத்பூர் மன்னர் மான் சிங் இறந்தபோது உடன்கட்டை ஏறிய அவருடைய மனைவியருடையவை. குழந்தைக்குத் தெரியாது, உங்களுக்குமா தெரியாது? சிதைக்குப் போகும் வழியில் பதித்த கை, படமெடுத்துக்கொள்ளும் இடமா?

என்னை எழுதவைத்தது அந்தத் தூக்குச்சட்டிதான். பல ஆண்டுகளுக்கு முன் அதே போன்ற ஒரு கடையில், வேறு எதையோ தேடிப் போன நான், மூலையில் கிடந்த தூக்குச்சட்டி ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். எங்கள் அப்பத்தாவின் பிறந்த வீட்டு விலாசமும், அதாவது அந்தக் குடும்பத்தைக் குறிக்கும் முதலெழுத்துகளும், அதன் கீழே அவர் பெயரும் வெட்டியிருந்தன. கல்யாணத்தன்று ஊரார் பார்க்கப் பரப்பிய சாமான்களில் ஒன்று, பாகம் பிரித்த ஆண்டில் எங்கள் வீட்டிலிருந்தே எடைக்குப் போயிருக்கிறது. நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்ட கடைக்காரர், "எழுத்து வேண்டாமென்றால் தேய்த்துக் கொடுத்துவிடலாம் ஆச்சி" என்றார், அதுதான் எனக்கு உதவி என்று எண்ணி. சொன்ன விலையைக் கொடுத்து வாங்கி வந்தேன்.

நீங்கள் வியந்த அம்பாரிக்கு அருகில், அதை யார் யாருக்குக் கொடுத்தார் என்று எழுதி வைத்திருப்பதால்தானே ஷாஜஹான் பெயரை எனக்கு எழுதினீர்கள்? அந்த வரி இல்லையென்றால் அது இத்தனை கிலோ வெள்ளி, அவ்வளவுதான். நம் ஆச்சிமார் அந்த வரியைப் பாத்திரத்திலேயே வெட்டி வைத்தார்கள். நாம் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, உணவகத்து வாசலில் பூப்போட்டு வைக்கிறோம். கதவுகளும் தூண்களும் போனதற்குக்கூட மழையையும் கறையானையும் காரணம் சொல்லலாம். எழுத்தைத் தேய்க்க நாம் கூலி கொடுக்கிறோம்.

உங்கள் சட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். புளி போட்டுத் துலக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்தாலே எழுத்துத் தெரியும். என்ன விலாசம் என்று எழுதுங்கள். அந்த வீடு எந்த ஊரில் என்று விசாரித்துச் சொல்கிறேன்.