பட்ஜெட்டுக்கு முன்னால் எஸ்ஐபியை நிறுத்திவிடலாமா?

மும்பைப் பக்கம் டோம்பிவிலியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "ஐம்பது பெரிய நிறுவனங்களின் பங்குகளில் போடும் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் மாதம் 10,000 ரூபாய் எஸ்ஐபி, அதாவது மாதத் தவணை முதலீடு. ஐந்து வருடத்தில் 8 லட்சம் சேர்ந்திருக்கிறது. வரும் ஜூனில் மகளின் கல்லூரிக்கு 4 லட்சம் கட்ட வேண்டும். என் வீட்டுக்காரரோடு லோக்கல் ரயிலில் போகிறவர்கள், 'அரசாங்கமே கடனில் மூழ்கிக் கிடக்கிறது, பட்ஜெட் அன்று மார்க்கெட் விழும், எல்லாவற்றையும் எடுத்துவிடு' என்கிறார்களாம். அவரும் அதே கவலையில், தன்னுடைய 12 லட்சம் எஃப்டி இருக்கிற கூட்டுறவு வங்கியிலேயே இதையும் போடச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?"

கல்லூரிக்கான 4 லட்சத்தை எடுத்துவிடுங்கள் சகோதரி. மீதி 4 லட்சத்தைத் தொட வேண்டாம், எஸ்ஐபியும் ஓடட்டும். ஆனால் எடுப்பதற்குக் காரணம் அரசாங்கத்தின் கடன் அல்ல.

பட்ஜெட் நாளை வைத்துக் கணக்குப் போட்டவர்கள் இரண்டு பிப்ரவரி 1-களை நினைத்துப் பார்க்கட்டும். 2020-ல் அன்றைக்கு மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 988 புள்ளி சரிந்தது. 2021-ல், நிதிப் பற்றாக்குறை (செலவுக்கு வருமானம் போதாமல் அரசு கடன் வாங்கும் தொகை) ஜிடிபியில், அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில், 9.5 சதவீதம் என்று நிதியமைச்சர் அறிவித்த அதே நாளில், 2,300 புள்ளிக்கு மேல் ஏறியது. பற்றாக்குறை அவ்வளவு பெரிதாக இருந்தும் ஏற்றம்தான். முடங்கிக் கிடந்த பொருளாதாரத்தில் அரசு செலவு செய்யப் போகிறது என்பதே அன்று சந்தைக்குத் தெம்பாக இருந்தது.

கடன் எவ்வளவு என்பதைவிட எதற்கு வாங்கினோம் என்பதுதான் முக்கியம். வீடு கட்ட வாங்கிய கடனும் மளிகைக்கு வாங்கிய கடனும் ஒன்றாகுமா? 2025-26 பட்ஜெட்டில் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி, பற்றாக்குறை 15.69 லட்சம் கோடி. அதாவது ஜிடிபியில் 4.4 சதவீதம். சாலை, ரயில் போன்ற மூலதனச் செலவுக்கு ஒதுக்கியது 11.21 லட்சம் கோடி. ஆனாலும் உங்கள் வீட்டுக்காரரின் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். பற்றாக்குறையில் மூன்றில் ஒரு பங்கு அன்றாடச் செலவுக்கான கடன். வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி. செலவாகும் ஒவ்வொரு நாலு ரூபாயிலும் ஒரு ரூபாய் வட்டிக்கே போகிறது. அது ஏறிக்கொண்டே போனால் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் கை சுருங்கும். அவர் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்தக் கவலைக்கு எஃப்டி மருந்தாகாது. வங்கியில் சேரும் டெபாசிட்டில் சுமார் 18 சதவீதத்தை, பெரும்பாலும் அரசின் கடன் பத்திரங்களாக, வங்கி வைத்திருந்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எல்ஐசியும் பிஎஃப்பும் வாங்கிக் குவிப்பதிலும் பெரும்பகுதி அதே பத்திரங்கள்தான். அரசுக்குக் கடன் கொடுத்தவர்களில் அந்த லோக்கல் பெட்டியில் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு!

பிறகு ஏன் 4 லட்சத்தை எடுக்கச் சொல்கிறேன்? ஜூனுக்கு ஐந்து மாதம்தான் இருக்கிறது. 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 13 சதவீதம் விழுந்து 26,000-க்குக் கீழே போனது. அடுத்த ஜனவரியில் 50,000-ஐத் தொட்டது உண்மைதான். ஆனால் கல்லூரி பத்து மாதம் காத்திருக்காதே. 2008 இன்னும் மோசம்: ஜனவரியில் 21,000, அக்டோபரில் 8,000-க்கும் கீழே. மறுபடி 21,000-ஐப் பார்க்க 2010 நவம்பர் ஆயிற்று. மூன்று வருடத்துக்குள் தேவைப்படும் பணம் பங்குச் சந்தையில் இருக்கக் கூடாது என்று நான் யாருக்கும் சொல்வது இதனால்தான்.

பட்ஜெட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியது வரி. 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் பங்கு ஃபண்டுகளின் நீண்ட கால (ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்கும்) லாபத்துக்கான வரி 10-லிருந்து 12.5 சதவீதமானது, அன்றைக்கே அமலுக்கும் வந்தது. நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை. அதனால் 2 லட்சத்தை இப்போதும், 2 லட்சத்தை, புது நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல் முதல் வாரத்திலும் எடுங்கள். உங்கள் பெயரில் வேறு பங்கு லாபம் இல்லையென்றால் வரியே வராது. ஒரு வருடம் நிறையாத தவணைகளின் லாபத்துக்கு 20 சதவீதம் என்று பயப்பட வேண்டாம். முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் விற்றதாகக் கணக்காகும்.

எடுத்த பணத்தை அந்தக் கூட்டுறவு வங்கியில் போடவே வேண்டாம். ஒரு வங்கியில் ஒருவர் பெயரில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு. எத்தனை கிளையில் பிரித்துப் போட்டாலும் ஒரே கணக்குதான். ஏற்கெனவே அங்கே அவருடைய 7 லட்சம் காப்பீட்டுக்கு வெளியே நிற்கிறது. எனக்கு உங்கள் எஸ்ஐபியைவிட இதுதான் பெரிய கவலை. எந்த எஃப்டி எப்போது முதிர்கிறது என்று ரசீதுகளை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதிர முதிர வேறு இரண்டு வங்கிகளுக்கு மாற்றிவிடட்டும்.