கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போக முன் வட்டை விதானையை (வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் பொறுப்பாளரை) பாருங்கள்: புரொஜெக்ட் வேலை பற்றிக் கேள்வி பதில்

அக்கரைப்பற்றிலிருந்து: அக்கா, உயர்தரத்தோடு படிப்பு நின்றுவிட்டது. ஐந்து வருடமாக ஒரு என்ஜிஓவில் பீல்ட் ஒபிசர். புரொஜெக்ட் மனேஜர்களுக்கான பிஎம்பி சான்றிதழ் எடுக்கலாமா?

எடுக்கலாம் தம்பி. நான்கு வருடப் பட்டம் உள்ளவர்களுக்கு 36 மாத அனுபவம் போதும், உங்களுக்கு 60 மாதம் வேண்டும், அதோடு 35 மணித்தியாலப் படிப்பு. ஆனால் வேலையை நீங்கள் முன்னின்று நடத்திய மாதங்கள்தான் கணக்கு, கூடப் போய் வந்தது சேராது. எந்த வேலை, எத்தனை மாதம், எதற்கு நீங்கள் பொறுப்பு என்று இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். மாதம் குறைந்தால் முதலில் கேப்எம் என்ற தொடக்கநிலைச் சான்றிதழை எடுங்கள், அதற்கு அனுபவமே கேட்பதில்லை, 23 மணித்தியாலப் படிப்பு இருந்தால் சரி.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: வாய்க்கால் திருத்தும் வேலை. டோனர் (காசு தருபவர்) டிசம்பருக்குள் முடி என்கிறார், திணைக்களம் வரைபடம் இன்னும் ஒப்பமாகவில்லை என்கிறது, கமக்காரர் அமைப்பு தண்ணீரை மறிக்க விடாது. யார் பக்கம் நிற்பது?

ஒருவர் பக்கமும் நிற்காதீர்கள், கலண்டர் பக்கம் நில்லுங்கள். படுவான்கரையில் நான் செய்த முதல் வாய்க்கால் வேலையில், ஜூனில் கொங்கிரீட் போடுவதாகத் திட்டம் எழுதி, டிஎஸ் ஒபிஸில் (பிரதேச செயலகத்தில்) கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனேன். வட்டை விதானை ஒன்றும் பேசாமல் என்னை வரம்பால் கூட்டிக்கொண்டு போய், கடைசி வயல் கண்டத்தில் முழங்கால் உயரம் நின்ற சிறுபோக (மாரிக்கு முந்திய போக) நெற்பயிரைக் காட்டினார். அவ்வளவுதான், வேலை நின்றது. சிறுபோக அறுவடை முடிந்து மாரி மழை பிடிக்கும் வரைக்கும் உள்ள இரண்டு மாதம் சொச்சம்தான் உங்கள் கையில் இருக்கும் காலம். அதற்கு முன் வரைபடம் ஒப்பமாக வேண்டும் என்று திணைக்களத்துக்கு எழுதுங்கள், அதே திகதியை டோனருக்கும் எழுதுங்கள். தண்ணீர் மறிக்கும் திகதியைப் போகம் தொடங்க முன் கமக்காரரும் அதிகாரிகளும் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலேயே சொல்லவையுங்கள், அங்கே எடுத்த முடிவை எல்லாரும் மதிப்பார்கள்.

வாழைச்சேனையிலிருந்து: கூட்டத்தில் எல்லாரும் "ஓம்" என்கிறார்கள், வேலைக்கு ஒருவரும் வருவதில்லை.

அந்த ஓம் "சொன்னது கேட்டது" என்ற ஓம், சம்மதம் இல்லை. கூட்டத்துக்கு முன் வீடு வீடாகப் போயிருக்க வேண்டும். எங்கள் அம்பாறையின் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில் 1980களின் தொடக்கத்தில் இதைத்தான் செய்தார்கள்: படித்த இளம் ஆட்களை ஊருக்குள் தங்கவைத்து, ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் கமக்காரரைச் சிறு சிறு குழுவாகப் பேசவைத்தார்கள். வாய்க்காலின் தலைப்பக்கம் பெரும்பாலும் சிங்கள ஆட்கள், கடைசிப் பக்கம் தமிழர், அப்படியிருந்தும் வாய்க்காலைத் தாங்களே துப்புரவாக்கித் தண்ணீரை முறை வைத்துப் பகிர்ந்தார்கள். கூட்டத்தில் பின்வரிசையில் பேசாமல் இருக்கும் பெண்களிடமும் தனியாகக் கேளுங்கள், என் அனுபவத்தில் உண்மையான தடை என்ன என்று அவர்கள்தான் சொல்வார்கள்.

சம்மாந்துறையிலிருந்து: நான் சொப்ட்வெயார் ஆள். வெளிநாட்டு கிளையன்ட் வாரம் ஒரு புது விசயம் கேட்கிறார், இல்லை என்று சொல்லப் பயம்.

இல்லை என்று சொல்லவே தேவையில்லை தங்கச்சி. "செய்யலாம், பத்து நாள் கூடும், அல்லது இன்னதைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், எது விருப்பம்?" என்று ஈமெயிலில் கேளுங்கள். வட்ஸ்அப் கோலில் பேசியதையும் அன்று இரவே நாலு வரியில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

கல்லடியிலிருந்து: இங்கிலீஷ் சுமார்தான், இந்தத் துறைக்கு வரலாமா?

வாருங்கள். ரிப்போர்ட் எழுதும் அளவு இங்கிலீஷ் ஆறு மாதத்தில் பழகிவிடும். அதோடு சிங்களம் பேசப் பழகுங்கள், அம்பாறைக் கச்சேரியில் அது இல்லாமல் நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்.