பேதி நின்ன பிறகு காலு ஏன் துவளுது?

கேள்வி: டாக்டர், எங்க அண்ணன் விசைப்படகுல தொழிலுக்குப் போறவரு. சர்ச் திருவிழா விருந்து முடிஞ்ச கையோட நாலு நாள் பேதி, ஓஆர்எஸ் குடிச்சு சரியாப்போச்சு. ரெண்டு வாரம் கழிச்சு கால்ல செருப்பு நிக்கலேன்னாரு, மறுநாள் வள்ளத்துல ஏற முடியல, அதுக்கடுத்த நாள் எந்திரிக்கவே முடியல. வாதம்னு எண்ணெய் தேய்ச்சோம். அப்புறம் மதுரையில ஜிபிஎஸ்னு சொல்லி அஞ்சு நாள் மருந்து ஏத்துனாங்க, இப்ப வீட்டுல இருக்காரு. பேதியாலதான் வந்துச்சுங்கிறாங்க, வயித்துக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்? கூடத் தொழிலுக்குப் போறவங்க பக்கத்துல உக்காரவே பயப்படுறாங்க.
- ஒரு சகோதரி, தங்கச்சிமடம்

பதில்: தொத்தாதும்மா, முதல்ல அதை அவங்ககிட்ட சொல்லிருங்க. ஜிபிஎஸ்ங்கிறது கில்லன்-பாரே சிண்ட்ரோம், நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே நம்ம நரம்பைத் தாக்குற நோய்.

பேதியை உண்டாக்குற கிருமிகள்ல காம்பிலோபாக்டர்னு ஒண்ணு இருக்கு, சரியா வேகாத கோழியிலயும் கெட்ட தண்ணியிலயும் வரும். அதோட மேல்பக்கத்துல இருக்கிற ஒரு கொழுப்புச் சர்க்கரைப் பொருளும், நம்ம நரம்பு மேல இருக்கிற கேங்கிலியோசைடுங்கிற பொருளும் பாக்க அச்சு அசலா ஒண்ணுபோல இருக்கும். கிருமியை அடிக்க உடம்பு தயாரிச்ச ஆன்டிபாடி சிலருக்கு ஆள் மாறி நரம்புலயும் போய் ஒட்டிக்குது. அந்த ஆன்டிபாடி உருவாக ஒண்ணு ரெண்டு வாரம் பிடிக்கும், அதனாலதான் பேதியை மறந்தே போன சமயத்துல காலு துவளுது, கிருமி அதுக்குள்ள பெரும்பாலும் போயிருக்கும், அதனால இப்ப ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டு பிரயோஜனமில்ல. ஸ்டீராய்டும் இதுக்கு உதவாதுன்னு ஆராய்ச்சியிலயே தெரிஞ்சுபோச்சு, யாராவது ஊசி போடுறேன்னா வேணாம்னுருங்க. அண்ணனுக்கு ஏத்துனது இம்யூனோகுளோபுலினா இருக்கும், அதாவது தானமா வந்த ரத்தத்துல இருந்து பிரிச்செடுத்த ஆன்டிபாடி, அதுதான் சரியான வைத்தியம்.

பயப்படாதீங்க, இந்தப் பேதி வந்த ஆயிரம் பேர்ல சுமார் ஒருத்தருக்குத்தான் இப்படி ஆகும். ஆனா எண்ணெய் தேய்ச்சு கழிச்ச நாளு எனக்குப் பிடிக்கல. பலவீனம் கால்ல ஆரம்பிச்சு மேல ஏறும், நாலு வாரத்துக்குள்ள உச்சத்துக்குப் போயிரும், மூச்சுத் தசையைப் பிடிச்சா வென்டிலேட்டர்தான், நாலுல ஒருத்தருக்கு அந்த நிலைமை வருது. முழுங்க கஷ்டப்பட்டாலோ பேச்சு குளறினாலோ விடியட்டும்னு இருக்கக்கூடாது. 2025 தொடக்கத்துல புனேயில 200 பேருக்கு மேல இதே மாதிரி படுத்தாங்க, அங்கயும் குடிதண்ணி மேலதான் சந்தேகம் விழுந்துச்சு.

நரம்பு மெதுவாத்தான் தேறும், மாசக்கணக்காகும். பெரும்பாலானவங்க ஆறு மாசத்துல தானா நடந்துருவாங்க. பிசியோதெரபியை விடாதீங்க. பாதம் தூக்க வராம ஆடுற போட்ல ஏறுனா கடல்ல விழுந்துருவாரு, அதனால ஒத்தக்கால்ல நிக்க முடியுதான்னு டாக்டர் பாத்துச் சொல்ற வரைக்கும் வலை பின்னட்டும்.

கேள்வி: கோழியை மஞ்சப்பொடி போட்டு நாலு தடவை கழுவுனா கிருமி போயிருமா?
- வாசகி, கீழக்கரை

பதில்: போகாது, தண்ணி தெறிச்சு சிங்க்கு, அருவாமனை, பக்கத்துல இருக்கிற தக்காளி வரைக்கும் பரவும். எலும்பு ஓரத்துல சிவப்பு தெரியாம வேகவிடுங்க, கோழி வெட்டுன பலகையில பச்சடிக்கு வெங்காயம் நறுக்காதீங்க, லாரித் தண்ணி குடிக்கணும்னா கொதிக்க வச்சுக் குடிங்க.